எல்லைக் கல்லுக்கு அடியில் ரயில்

கடல் தாண்டி வந்தவன் முதலில் கடலைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பார்கள். கப்பலில் எனக்கு வாந்தியைத் தவிர வேறு அனுபவம் கிடைக்கவில்லை. ஆகவே நேராக விழுப்புரத்தில் இறங்கிவிடுகிறேன்.

வைகாசி வெயில். நான் இலங்கை மலைநாட்டில் ரயில் பாதை ஓவர்சியர். என் பொறுப்பில் மூன்று சுரங்கங்கள் இருக்கின்றன. காலை பத்து மணிக்கும் கம்பளிச் சட்டையைக் கழற்றாத ஊர் அது. விழுப்புரம் பிளாட்பாரத்தில் காலை ஏழு மணிக்கே என் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் பிஸ்கட் டின். டின்னுக்குள் மாசிக் கருவாட்டை இடித்துச் செய்த சம்பல். என் தங்கை அமிர்தம் சின்ன வயதில் இதற்காக என்னோடு கட்டிப்புரண்டு சண்டை போட்டவள். எட்டு வருடங்களுக்கு முன் விழுப்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவளைப் பார்க்க வெறுங்கையோடு போக முடியுமா?

அவள் வீடு நகரத்தில் இல்லை. கோலியனூர் பார்த்த பக்கம் மூன்று மைல் தள்ளி ஒரு கிராமம். வாசலில் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். ஆறு மாத வயிறு. ஓடாதே என்று கத்தினேன். அவள் கண் டின்னின் மேல் விழுந்தது.

"அதுல இன்னாண்ணே?"

"மாசிச் சம்பல். உனக்குப் பிடிக்குமே."

இரண்டடி பின்னால் போனாள். "ஐயையோ, ஊட்டுக்குள்ள எத்துக்கினு வராத! அவரு காப்பு கட்டிக்கினு கீறாரு."

அவர் என்றால் என் மாப்பிள்ளை முனுசாமி. ரயில்வேயில் கேங் மேஸ்திரி. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இடித்து, பாதையைச் சீராக வைத்திருக்கும் இருபது ஆட்களுக்குத் தலைவர். திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டியிருந்தார். கட்டியபின் தீ மிதித்து முடியும்வரை கவிச்சி ஆகாது. ஊர் எல்லையையும் தாண்டக் கூடாது. மற்ற ஊர்களில் பகலில் போய்விட்டு இரவுக்குள் திரும்பலாமாம். இந்த ஊர் வழக்கம் கொஞ்சம் கடுமை. கடல் தாண்டி வந்த சம்பல் வீட்டு வாசல் தாண்ட முடியாமல் எதிரே புங்க மரத்துக் கிளையில் தொங்கியது. எனக்குக் கோபம் வந்தது. பசியும் இருந்ததால் கோபத்தைத் தள்ளி வைத்தேன்.

கேப்பைக் கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். எங்கள் ஊரில் கோதுமை ரொட்டியும் வெறும் தேத்தண்ணீரும்தான் உழைப்பவன் சாப்பாடு. கூழ் குடித்து முப்பது வருடம் இருக்கும். மூன்று சொம்பு குடித்தேன். மலைநாட்டில் கிடைக்காத ஒன்று இங்கே இருக்கிறது என்று முதல் நாளே ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பிடும்போதுதான் அமிர்தம் சொன்னாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் கடிதத்தில் ஒரே ஒரு வரியாக வந்த செய்தி அது.

"வலி எடுத்து வண்டி ஏத்தினாங்கண்ணே. ஆஸ்பத்திரி ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்புல. ஆனா எங்க வண்டி மெயின் லைனுக்கு குறுக்கால போவணும். மெயில் போவட்டும், அப்புறம் கூட்ஸு போவட்டும்னு சிக்னலுக்கு வெளியவே நிறுத்தி வச்சிட்டாங்க. பெட்டியிலயே பொறந்துச்சு. மூச்சு இல்ல. இவரு அங்கதான், கூப்புடு தூரத்துல, லைன்ல வேலை செஞ்சிக்கினு இருந்தாரு. தெரியவே இல்ல."

சொம்பைக் கீழே வைத்தேன். ரயில்வேக்காரன் நான். சிக்னலுக்கு வெளியே வண்டி நிற்பதை ஒரு குற்றமாக அதுவரை நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன்.

இனி சுரங்கம். மெயின் லைன் ஓடும் உயரமான கரைக்கு அடியில், யுத்த காலத்தில் சாமான் வண்டிகளுக்காக ஒரு சின்னச் செங்கல் சுரங்கம் கட்டியிருக்கிறார்கள். யுத்தம் முடிந்ததும் இரண்டு வாயையும் அடைத்துவிட்டார்கள். ஊரில் அதற்குப் பெயர் பொந்து. வௌவால் குடியிருந்த அந்தப் பொந்தை இப்போது பயணிகள் வண்டிக்காகத் திறக்கிறார்கள். திறந்துவிட்டால் கோலியனூர்ப் பக்கத்து வண்டி யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. மெயின் லைனுக்கு அடியில் நுழைந்து ஸ்டேஷனுக்கே போய்விடும். வெள்ளிக்கிழமை காலையில் காலிப் பெட்டி ஒன்றை விட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. மேலே இருந்து இன்ஜினீயர் வருகிறார். அவர் சரி என்றால் பயணிகள் வண்டி. பெட்டி எங்காவது உரசினால் மறுபடி செங்கல் வைத்து அடைப்பதாகப் பேச்சு. முனுசாமி தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டது இதற்காகத்தான். தீமிதியும் அதே வெள்ளிக்கிழமை சாயந்தரம்.

செவ்வாய்க்கிழமை காலை மாப்பிள்ளை என்னைக் கூட்டிப்போனார். ஆள் ஒல்லி, பேச்சு குறைவு. சுரங்கத்தின் கிழக்கு வாய் அவர் ஊர் எல்லைக்குள் இருந்தது. அந்தக் கிராமம் சின்னது, எல்லை பெரிது. கரையின் உச்சியில் பழைய எல்லைக் கல் ஒன்று நிற்கிறது. அதாவது சுரங்கத்தின் சரி பாதிக்கு மேலே.

உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. என் சுரங்கங்களில் வருடம் முழுக்கச் சுவர் அழும், கூரை சொட்டும். இது மாவு சலித்த சல்லடை மாதிரி உலர்ந்து கிடந்தது. "இதெல்லாம் ஒரு சுரங்கமா மாப்ள, எங்க ஊர்ல பாதைக்கு அடியில தண்ணி போற கல்வெர்ட்டு இதைவிட நீளம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாதி தூரத்தில் சட்டென்று நின்றுகொண்டார். சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது.

"இதுக்கு மேல நான் வரக்கூடாது மச்சான். கல்லு நேரா மேல இருக்குது. நீங்க பாத்துட்டு வாங்க."

"அப்போ அந்தப் பாதியை யார் செய்தது?"

"திண்டிவனம் கேங்கு. மேஸ்திரி தரணேந்திரன். எங்க ஆளுங்க எல்லாருமே காப்பு கட்டியாச்சு, அதனால மேற்குப் பாதிய அவங்களுக்குக் குடுத்தாங்க."

கோட்டுக்குப் பக்கத்தில், வண்டி வரும்போது ஆள் ஒதுங்கி நிற்பதற்கான மாடம் ஒன்று இருந்தது. எந்தச் சுரங்கத்திலும் அந்த மாடத்து விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு வெற்றிலை போடுவது என் வழக்கம். உட்கார்ந்தேன். கால் தொங்கவில்லை. முழங்கால் மார்பில் வந்து முட்டியது. நான் வளரவில்லை, எனக்கு ஐம்பது வயது. தரைதான் மேலே வந்திருக்கிறது.

குப்புறப் படுத்துத் தண்டவாளத்தின் மேல் கண்ணை வைத்துப் பார்த்தேன். கிழக்கிலிருந்து மேலே ஏறி, கோட்டுக்கு நேராக உச்சிக்கு வந்து, மேற்கே இறங்கியது. நட்ட நடுவில் ஒட்டகத்தின் முதுகு.

"மாப்ள, இந்த ஜாயிண்ட்டை எத்தனை தடவை தூக்கினீங்க?"

யோசித்தார். "நாங்க விடிகாலைல வந்து மத்தியானத்துக்குள்ள முடிச்சிக்கினு போயிடுவோம். மத்தியானம் கோயில்ல பாரதம் படிப்பாங்க, காப்பு கட்டினவன் அங்க இருக்கணும். அவங்க மத்தியான வண்டிக்கு வந்து சாயந்தரம் திரும்பிடுவாங்க. காலைல வந்து பாத்தா அவங்க பக்கம் ரவ ஒசரமா இருக்கும். எங்க பக்கம் பள்ளம்னு இருந்தா அசிங்கம் இல்லியா? ஜல்லி போட்டுத் தூக்குவோம்."

"அவங்க மத்தியானம் வந்து பார்த்தா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. உலகத்தில் எந்த ஊர் கேங்குக்காரனுக்கும் பாதையைத் தூக்கத்தான் தெரியும். இறக்கி நான் பார்த்ததில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு கூட்டமும் வாரக் கணக்கில் மரியாதைக்காகத் தூக்கியிருக்கிறார்கள்.

பெட்டி கூரையில் உரசுமா, தப்பிக்குமா? அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. என் சுரங்கங்களில் நாங்கள் செய்யும் ஒரு வேலையைச் செய்தேன். கோயில் பந்தல்காரரிடம் மூங்கில் வாங்கி, தள்ளுவண்டியின் மேல் பயணிகள் பெட்டியின் அளவுக்கு வளைவாகக் கட்டினோம். அளவு மாப்பிள்ளைக்கு விரல் நுனியில் இருந்தது. வளைவின் உச்சியில் வரிசையாகத் துடைப்பக் குச்சிகளைச் செருகி, நுனியில் குழைத்த காவி தடவினேன். இடித்தால் கூரையில் சிவப்புக் கோடு விழும். அமிர்தத்தின் புதுத் துடைப்பம் அதில் காலியானது. அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினேன்.

வண்டியைத் தள்ளினோம். சுண்ணாம்புக் கோட்டில் மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டார். மீதியை நான் தள்ளினேன். திரும்பி வந்து விளக்கைத் தூக்கிப் பார்த்தால், நடுவில் இருபது முப்பது அடிக்குச் செங்கல் முழுக்கச் சிவப்பு. குச்சி முனைகள் மடங்கிக் கிடந்தன.

முனுசாமி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பாதிய நாங்க எறக்கினா போதாது மச்சான். அந்தப் பக்கமும் எறக்கணும். அவங்க வேலை முடிஞ்சிதுன்னு போன வாரத்தோட வர்றத நிறுத்திட்டாங்க. எனக்கு அங்க கால் வைக்க முடியாது." பிறகு மெல்ல, "அமிர்தத்துக்கிட்ட சொல்லாதீங்க" என்றார்.

சொல்லவில்லை. ஆனால் என் தங்கைக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியும். அன்று ராத்திரி அவள் எதுவும் கேட்காமல் எனக்கு இன்னொரு சொம்பு கூழ் ஊற்றினாள்.

புதன்கிழமை திண்டிவனம் புறப்பட்டேன். மடங்கிய துடைப்பக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டேன். புங்க மரத்து டின்னையும் எடுத்துக்கொண்டேன். மேஸ்திரி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது பாருங்கள்.

ரயில் போய்விட்டதால் பஸ். மைல் கல்லை எல்லாம் பிடுங்கிவிட்டு கிலோமீட்டர் கல் நட்டிருந்தார்கள். எண்கள் பெரிதாக இருந்தன. என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒவ்வொரு கல்லாக எட்டிப் பார்த்துவிட்டு, "ரோட்ட நீட்டிட்டானுங்களா இன்னா?" என்று கண்டக்டரைக் கேட்டார். விக்கிரவாண்டி தாண்டியதும் பஸ் புகைந்து நின்றது. யாரும் பதறவில்லை. புளிய மரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு மடி மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்தார்கள். டிரைவர் தண்ணீருக்குப் போனவர் நுங்கு சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். எங்கள் மலைநாட்டில் பஸ் நின்றால் சண்டை நடக்கும். இங்கே பந்தி நடக்கிறது. ஒரு அம்மாள் எனக்கும் ஒரு கை மல்லாட்டை கொடுத்து, "பேஜாரு பண்ணிக்காதீங்க, போயிடலாம்" என்றாள். எனக்கோ வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

திண்டிவனம் போய்ச் சேரும்போது பொழுது சாய இருந்தது. மேஸ்திரி வீட்டைக் கேட்டால் ஒரு பையனும் தவறவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் பச்சைக் கதவு. தரணேந்திரன் பருத்த உடம்பு, வெள்ளை மீசை. யார், எவர் என்று கேட்பதற்கு முன் இலையைக் காட்டினார்.

"உக்காருங்க. மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் பேசலாம். பொழுது போச்சுன்னா எங்க ஊட்ல யாரும் வாய்ல ஒண்ணியும் வைக்க மாட்டோம்."

சாம்பாரில் வெங்காயம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர்கள். என் காலடியில் ஒரு டின் மாசிக் கருவாடு!

"அதுல இன்னாங்க?" என்றார் அவர் மனைவி.

"மருந்து" என்றேன். வேறு என்ன சொல்ல?

"இருமலுக்குங்களா?"

"எல்லாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அதைத் தெருவில் வைத்துவிட்டு வந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன். தரணேந்திரன் முகம் இறுகியது. "எங்க பாதி சரியாத்தான் இருக்குதுங்க. மட்டம் வச்சிப் பாத்தவன் நானு. காலைல அவங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க. நாங்க மத்தியானம் போனா எங்க பக்கம் பள்ளமா இருக்கும். பாக்கறவன் எங்களத்தான் சிரிப்பான். தூக்கினோம். தப்பு அவங்களுது."

"முனுசாமியும் இதையேதான் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை."

குச்சிக் கட்டை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன். மடங்கிய முனைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். தொழில்காரர், விளக்கம் கேட்கவில்லை. நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என் தங்கை கதையைச் சொன்னேன். சிக்னலுக்கு வெளியே நின்ற வண்டியையும், கூப்பிடு தூரத்தில் ஜல்லி இடித்துக்கொண்டிருந்த தகப்பனையும், இப்போது ஆறு மாதம் என்பதையும் சொன்னேன். அன்னியர் வீட்டில் அழுத வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது.

அவர் மனைவி உள்ளே இருந்து சொன்னாள்: "காலைல மொத வண்டிக்கே போயிடுங்க. கட்டுச்சோறு வச்சித் தர்றேன்."

தரணேந்திரன் எழுந்தார். "அவரு மத்தியானம் பாரதம் கேக்கப் போறதுக்குள்ள போயிடணும். ஜல்தியா ஆளுங்களுக்குச் சொல்லிட்டு வர்றேன்." வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, உங்க மருந்துக்கு வெளிய ரெண்டு பூனை காவல் காக்குது."

வியாழக்கிழமை அந்தப் பொந்துக்குள் நாற்பது பேர். கிழக்கே மஞ்சள் நூல் கட்டிய இருபது கைகள், மேற்கே கட்டாத இருபது. நடுவில் சுண்ணாம்புக் கோடு. முனுசாமியும் தரணேந்திரனும் வேலை ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக நேருக்கு நேர் நின்றார்கள். இருவரும் ஒரே நேரத்தில், "உங்க பக்கந்தான் ஒசரம்" என்றார்கள். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கோட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். எனக்குக் காப்பும் இல்லை, கேங்கும் இல்லை. இரண்டு பக்கமும் என் பேச்சைக் கேட்டார்கள். ஜல்லியைத் தோண்டி எடுத்தார்கள். கூடைகள் இரண்டு வாய்க்கும் போயின. "கிழக்கே ஒரு விரல்," "மேற்கே அரை விரல்" என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டியது. முனுசாமியின் கடப்பாரை வளைந்தபோது தரணேந்திரன் தன்னுடையதைக் கோட்டுக்கு மேலாக நீட்டினார். பாரதம் படிக்கும் நேரம் வந்தது. கிழக்குப் பக்கம் ஒருவரும் நகரவில்லை. பூசாரிக்கு ஆள் போனது. அவர் வந்து வாயில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி இங்கயே படிச்சிடறேன்" என்று அங்கேயே உட்கார்ந்து ராகம் இழுத்தார். ஜல்லிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்டவரைக்கும் நன்றாகவே இருந்தது.

நாலு மணிக்கு மாடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கால் தொங்கியது.

வெள்ளிக்கிழமை காலை இன்ஜினீயர் வந்தார். முழுக்கால் சட்டை, கறுப்புக் கண்ணாடி, யாரோடும் பேச்சில்லை. காலிப் பெட்டியின் கூரையில் துடைப்பக் குச்சி மூன்றைக் காவி தடவி நட்டுவைத்தோம். அவர் அதைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்காமல் குறிப்பு எழுதிக்கொண்டார். இன்ஜின் பின்னால் இருந்து தள்ள, பெட்டி கிழக்கு வாய்க்குள் நுழைந்தது.

கோட்டுக்கு இந்தப் பக்கத்து மாடத்தில் நானும் மாப்பிள்ளையும். அந்தப் பக்கத்து மாடத்தில் தரணேந்திரன். பெட்டி இருட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. முனுசாமி என் கையைப் பிடித்திருந்தார். மஞ்சள் நூல் என் மணிக்கட்டில் அழுந்தியது. உரசும் சத்தத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சக்கரச் சத்தம், புகை, பிறகு மேற்கே வெளிச்சம். அந்தக் கோடியில் இருந்து திண்டிவனம் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். தரணேந்திரன் மூன்று குச்சிகளையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து கோட்டுக்கு மேலாக நீட்டினார். முனைகள் நிமிர்ந்து நின்றன. காவி கலையவில்லை.

மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் அவரை எழுப்பவில்லை.

பயணிகள் வண்டி விடலாம் என்று இன்ஜினீயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சாயந்தரம் முனுசாமி தீ மிதித்தார். நடந்தாரா ஓடினாரா என்று பார்க்கவில்லை. நான் அமிர்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தரணேந்திரன் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, தீயைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினார். மறுநாள் காப்பு அவிழ்த்ததும் டின்னைத் திறந்தோம். இரண்டு ஊர் சுற்றிய சம்பல். என் தங்கை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்றாள். பிறகு பாதி டின்னைத் தின்றாள்.

புரட்டாசியில் அவள் கடிதம் வந்தது. மழையில் என் இரண்டாம் நம்பர் சுரங்கத்து மாடத்தில் உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கம் முழுக்கச் சம்பல் கேட்டிருந்தாள். உப்புக் குறைவாக வேண்டுமாம். இரண்டாம் பக்கத்தில் பெண் குழந்தை, நல்ல அழுகை என்று எழுதியிருந்தாள். கடைசியில் மை கொஞ்சம் கலைந்திருந்தது. என் சுரங்கம் சொட்டியதா, அவள் வீட்டிலேயே கலைந்ததா, தெரியவில்லை.

"வலி எடுத்ததும் வண்டி ஏத்தினாரு. நான் கண்ண மூடிக்கினு சிக்னல் வரும் சிக்னல் வரும்னு பயந்துக்கினே இருந்தேன். இருட்டாச்சு. அப்புறம் வெளிச்சம் வந்துச்சு. கண்ணத் தொறந்தா ஸ்டேஷன். வண்டி எங்கியுமே நிக்கலண்ணே."